இறுக்கிப் பிடித்தால் தொய்யும்

ஸ்போர்ட்ஸ் காரில் வெளியே வாங்கிப் பூட்டிய சைடு ஸ்கர்ட் தொங்குகிறது என்றால், அதைச் சரியாக இறுக்கவில்லை என்றுதான் காரின் சொந்தக்காரர் முதலில் நினைப்பார். இன்னும் நாலு ஸ்க்ரூ அடிக்கச் சொல்வார். இன்னும் அகலமான டபுள் டேப் கேட்பார். அதற்கும் மசியவில்லை என்றால் சிலிக்கானைப் பிதுக்கி ஒரேயடியாக ஒட்டிவிடச் சொல்வார். சென்னை அண்ணா சாலையை ஒட்டியுள்ள ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கார் அலங்காரக் கடை வாசல்களிலும், புதுப்பேட்டைப் பக்கத்து டிங்கரிங், ஃபைபர் பட்டறைகளிலும் இந்த வேலை நடக்கும்போது கூட நின்று பார்த்த எனக்குத் தெளிவானது இதற்கு நேர் எதிரானது. பெரும்பாலான ஸ்கர்ட்டுகள் தொய்வதற்குக் காரணம் இறுக்கம் போதாமை அல்ல. இறுக்கக் கூடாத இடத்தில் இறுக்கியதுதான். இதைச் சரிசெய்யத் தெரிந்த கைகள் இந்தத் தெருக்களிலேயே இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு வேண்டிய நேரத்தையும் கூலியையும் யாரும் தருவதில்லை என்பதால்தான் அதே வண்டி அதே குறையோடு திரும்பத் திரும்ப வருகிறது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் இங்கே வாதிட விரும்புகிறேன்.

முதலில் பொருள் எது என்று பார்த்துவிடலாம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே கதவுக்குக் கீழாக ஓடும் பெட்டி வடிவ எஃகுப் பகுதியைப் பட்டறையில் ரன்னிங் போர்டு என்கிறார்கள். பக்கவாட்டில் மோதல் நேர்ந்தால் தாங்குவதும், ஜாக்கி வைத்தால் வண்டியின் எடையைச் சுமப்பதும் அதன் பொறுப்பு. அதன் அடியில் தகடுகளைச் சேர்த்து ஸ்பாட் வெல்டிங் அடித்த விளிம்பு ஒன்று கீழ்நோக்கி நீண்டிருக்கும். சைடு ஸ்கர்ட் என்பது இந்த ரன்னிங் போர்டின் மேல் போர்த்தும் உறை. வண்டியைத் தாழ்வாகவும் நீளமாகவும் காட்டுவதே அதன் வேலை. 2016-இல் ஃபோர்டு மஸ்டாங் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அதன் முன்பின் அச்சுகளுக்கு இடையே 2,720 மி.மீ. தூரம். சக்கர வளைவுகளைக் கழித்தால் இத்தகைய காரின் ஸ்கர்ட் 1.8 முதல் 2 மீட்டர் வரை நீளும். இவ்வளவு நீளமான, இவ்வளவு மெல்லிய, ஒரு பக்கம் மட்டுமே தாங்கல் உள்ள உறுப்பு காரின் வெளிப்புறத்தில் வேறில்லை. பம்பருக்கு உள்ளே பலமான சட்டம் உண்டு, பானெட்டுக்குக் கீழே விலா உண்டு. ஸ்கர்ட்டுக்கு மேல் விளிம்பில் ஒரு டேப், கீழ் விளிம்பில் சில ஸ்க்ரூ, இரு முனைகளில் சக்கர வளைவோடு ஒன்றிரண்டு பிடிப்பு, அவ்வளவுதான்.

தொய்ந்த ஸ்கர்ட்டைக் கழற்றித் தரையில் புரட்டிப் போட்டதும், அனுபவமுள்ள ஃபிட்டர் அதன் உட்புறத்தைப் படிக்கத் தொடங்குகிறார். அதில் எழுதியிருப்பது அநேகமாக ஒரே கதைதான். நடுப்பகுதியில் டேப் நன்றாகவே ஒட்டியிருக்கும். கத்தி வைத்துச் சீவினால்தான் வரும். முனைகளை நோக்கிப் போகப் போக டேப்பின் நுரை இழுபட்டு, கிழிந்து, மண் அப்பிக் கிடக்கும். முனையில் உள்ள ஸ்க்ரூ ஓட்டைகள் வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் விரிந்திருக்கும். சிலவற்றிலிருந்து மயிரிழை விரிசல் கிளம்பியிருக்கும். நடு ஓட்டை மட்டும் போட்டது போட்டபடி இருக்கும். எடை தாங்காமல் தொங்கியிருந்தால் ஓட்டைகள் கீழ்நோக்கி அல்லவா கிழிந்திருக்க வேண்டும்? காரின் நீளவாக்கில் விரிந்திருக்கின்றன என்றால், ஸ்கர்ட் முன்னும் பின்னுமாக நகர முயன்றிருக்கிறது, ஸ்க்ரூ அதை விடவில்லை என்று பொருள். இந்தச் சாட்சியத்தை யாரும் சோதனைச் சாலையில் தயாரிக்கவில்லை. கழற்றிய ஒவ்வொரு உருப்படியிலும் அது கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது.

நகரச் செய்வது வெயில். வெளிச்சந்தையில் கிடைக்கும் ஸ்கர்ட்டுகளில் பல ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வருகின்றன. ஒரு டிகிரி சூடு ஏறினால் ஏபிஎஸ் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 90 பங்கு அளவுக்கு நீளும். எஃகு 12 பங்குதான் நீளும். சென்னையில் காலை 25 டிகிரியில் பூட்டிய கறுப்பு ஸ்கர்ட், கோடை நண்பகலில் திறந்தவெளியில் நின்றால் 65 டிகிரியைத் தொடுவது அரிதல்ல. இந்த 40 டிகிரி வித்தியாசத்தில் 1.8 மீட்டர் ஏபிஎஸ் ஏறத்தாழ 6.5 மி.மீ. நீள்கிறது, அதற்குப் பின்னால் இருக்கும் எஃகு 0.9 மி.மீ. கூட நீளவில்லை. மிச்சமுள்ள 5.6 மி.மீ. எங்கே போகும்? இரு முனைகளும் இறுக்கப்பட்டிருந்தால் அது வெளியே பிதுங்கியோ கீழே தொங்கியோதான் இடம் தேட வேண்டும். ஒவ்வொரு 300 மி.மீ.க்கும் ஒரு ஸ்க்ரூ போட்டு அழுத்திவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு துண்டிலும் அடைபட்ட மிச்ச நீளம் 0.9 மி.மீ.தான். கேட்பதற்கு அற்பமாக இருக்கிறது. ஆனால் வில்போல் வளையும் பட்டையின் வடிவியல்படி அந்த 0.9 மி.மீ. நடுவில் 10 மி.மீ. வரை பிதுக்கம் காட்டும். பிளாஸ்டிக் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும் என்பதால் உண்மையில் அதைவிடக் குறையலாம். பாதி என்று வைத்தாலும், நீலமோ சிவப்போ பளபளக்கும் ஒரு காரின் பக்கவாட்டில் 5 மி.மீ. அலை தெரு முனையிலிருந்தே தெரியும்.

மாலையில் சூடு இறங்கினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடாதா என்று கேட்கலாம். முதல் சில நாட்கள் திரும்பும். ஆனால் பிளாஸ்டிக் சூட்டில் வளைந்தபடி மணிக்கணக்கில் நின்றால் அதன் உள்ளே இருக்கும் இறுக்கம் மெல்ல மெல்லத் தளர்ந்து, அந்த வளைவையே தன் வடிவமாக எடுத்துக்கொள்கிறது. ஒரு கோடை முழுவதும் இப்படி நடந்தால் இரவிலும் நேராகாது. அதற்குள் முனையில் டேப் விட்டிருக்கும். அந்த வாய் வழியாக மழைத் தண்ணீரும் சேறும் உள்ளே புகுந்து தங்கும். எடை என்பது இந்தக் கட்டத்தில்தான் கதைக்குள் வருகிறது. சொந்தக்காரர் வண்டியைக் கொண்டுவருவதும் இந்தக் கட்டத்தில்தான். அதனால் எடையே காரணம் என்று அவர் நினைப்பதில் வியப்பில்லை. தொய்ந்த நடுவில் ஒரு ஸ்க்ரூ அடித்து மேலே தூக்கினால் அன்றைக்கு நேராகத் தெரியும். அடுத்த கோடையில் ஒரு தொய்வு இருந்த இடத்தில் இரண்டு இருக்கும்.

எடை காரணமில்லை என்பதை டேப்பின் கணக்கே சொல்லிவிடும். கார் வேலையில் பயன்படும் நல்ல அக்ரிலிக் நுரை டேப்பை 3எம் நிறுவனம் 1980-இல் விஎச்பி என்ற பெயரில் கொண்டுவந்தது. அதற்கு நிறுவனம் தரும் பொது வழிகாட்டுதல், நிரந்தரமாகத் தொங்கும் எடைக்கு ஒரு பவுண்டுக்கு நான்கு சதுர அங்குல டேப். நம் கணக்கில் கிலோவுக்குச் சுமார் 57 சதுர செ.மீ. ஒரு ஸ்கர்ட் 3 கிலோ இருக்கிறது என்று கொண்டால் 171 சதுர செ.மீ. போதும். 12 மி.மீ. அகல டேப்பை 1.8 மீட்டர் நீளத்துக்கு ஒரே வரிசை ஒட்டினாலே 216 சதுர செ.மீ. கிடைத்துவிடுகிறது. ஒரு ஸ்க்ரூகூட இல்லாமல் எடையைத் தாங்க அது போதுமானது. ஆனால் அதே டேப்புக்கு இன்னொரு எல்லை உண்டு: ஒட்டிய இரண்டு பரப்புகளும் ஒன்றையொன்று உரசும் திசையில் விலகினால், தன் தடிமனைப் போல் மூன்று மடங்கு வரைதான் அது இழுபட்டுக் கொடுக்கும். 1.1 மி.மீ. தடிமன் என்றால் 3.3 மி.மீ. இப்போது முன் சொன்ன 5.6 மி.மீ.யைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்கர்ட்டின் முன்முனையை ஸ்க்ரூவால் அசையாமல் பிடித்துவிட்டால் பின்முனை முழு 5.6 மி.மீ. நகரும், டேப்பின் எல்லை தாண்டிவிட்டது, கிழியும். அதே ஸ்கர்ட்டை நடுவில் பிடித்து, இரு முனைகளையும் நகர விட்டால், ஒவ்வொரு முனையும் 2.8 மி.மீ.தான் நகரும், எல்லைக்குள் இருக்கிறது, தாங்கும். ஸ்கர்ட்டும் டேப்பும் விலையும் மாறவில்லை. எந்த இடத்தில் இறுக்கினோம் என்பது மட்டுமே மாறியது.

பட்டறையில் இந்தக் கணக்கை யாரும் தாளில் போடுவதில்லை. ஆனால் நல்ல ஃபிட்டரின் கை இதே விடையை வேறு வழியில் கண்டிருக்கிறது. அவர் வேலை செய்யும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தொய்ந்த ஸ்கர்ட்டை முதலில் கழுவிக் காயவைத்து, நேரான பலகை மேல் படுக்கவைத்து, ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல் உட்புறமாக ஓட்டிக்கொண்டே இருக்கிறார். பெயிண்ட் உள்ள வெளிப்புறத்துக்குச் சூடு நேராகப் போகக் கூடாது. பிளாஸ்டிக் இளகிப் பலகையில் உட்கார்ந்ததும் எடை வைத்து, அது தானாக ஆறும்வரை தொடுவதில்லை. அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றி ஆற்றினால் மேல்பரப்பு ஒரு வேகத்திலும் உள்பரப்பு வேறொரு வேகத்திலும் சுருங்கி மறுபடி முறுக்கிக்கொள்ளும். பிறகு ஸ்கர்ட்டை டேப் இல்லாமலே காரில் வைத்துப் பார்க்கிறார். கதவைத் திறந்து மூடுகிறார், கதவின் கீழ் விளிம்புக்கும் ஸ்கர்ட்டுக்கும் உள்ள இடைவெளியை நெடுகிலும் விரலால் அளக்கிறார். எங்காவது கையால் அழுத்தினால்தான் உட்காருகிறது என்றால் அந்த இடத்தை மறுபடி சூடு காட்டித் திருத்துகிறார். அழுத்தி ஒட்டிவிடலாமே என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தோன்றும். அழுத்தி ஒட்டிய இடம் அன்றிலிருந்து ஒவ்வொரு நிமிடமும் டேப்பைப் பிரிக்க முயன்றுகொண்டே இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்தது ஓட்டைகள். நடு ஓட்டையை மட்டும் வட்டமாக, ஸ்க்ரூவுக்கு அளவாக விடுகிறார். மற்றவற்றை உருட்டு அரத்தால் நீளவாக்கில் ராவிப் பெரிதாக்குகிறார். முனைக்குப் போகப் போக நீளம் கூடுகிறது. ஸ்க்ரூவின் தலைக்குக் கீழே அகல வாஷர். வாஷருக்கும் தகட்டுக்கும் நடுவில், பிளாஸ்டிக்கின் தடிமனைவிடச் சற்றே உயரமான சின்ன உலோக புஷ். ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினாலும் அந்த முறுக்கு புஷ்ஷில் விழுமே தவிர பிளாஸ்டிக்கை நசுக்காது. பிளாஸ்டிக் வாஷருக்கு அடியில் வழுக்கி நகரலாம். பலகைக் கதவு செய்யும் தச்சர் நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் ஒட்டாமல் சும்மா செருகி வைப்பதும் இதே அறிவுதான். மழையில் ஊதவும் வெயிலில் சுருங்கவும் பலகைக்கு இடம் வேண்டும். இங்கே பொருள் மரம் அல்ல, பிளாஸ்டிக், அவ்வளவே. நடுவில் பிடி, ஓரத்தில் விடு என்பதுதான் மாஸ்டர் தன் உதவியாளருக்குக் கொடுக்கும் பாடத்தின் சாரம். காரின் பக்கத்தில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தால் இன்னும் கவனம். ரன்னிங் போர்டு பெட்டிக்குள் தண்ணீர் வடிய வழிகள் உண்டு. அவற்றை அடைத்தால் உள்ளிருந்து துருப்பிடிக்கும். தரைக்கு அடியில் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் ஓடுகின்றன. துளைத்த இடத்தின் வெறும் எஃகுக்கு உடனே பிரைமர் பூசாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் சிவப்புக் கோடு இறங்கும். இவை எதுவும் வண்டி வெளியே போகும்போது கண்ணுக்குத் தெரியாத வேலைகள்.

டேப் ஒட்டுவது கடைசி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சமபங்கு கலந்து இரண்டு பரப்பையும் துடைத்து, காய விட்டு, பிளாஸ்டிக்கின் வகைக்கு ஏற்ற பிரைமர் தடவி, பிறகே டேப். பாலிப்ரொப்பிலீன் கலந்த ஸ்கர்ட் என்றால் பிரைமர் இல்லாமல் சாதாரண டேப் நிற்காது. அந்தப் பரப்பின் இயல்பே ஒட்டவிடாதது. ஒட்டியதும் நெடுக அழுத்த வேண்டும், ஒரு சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அளவுக்கு. கட்டைவிரலால் உடம்பின் எடையைக் கொடுத்து அழுத்தினால்தான் அது வரும். இவ்வளவு செய்த பிறகும் டேப் தன் முழுப் பலத்தை உடனே அடைவதில்லை. இருபது நிமிடத்தில் பாதி, ஒரு நாளில் 90 சதவீதம், முழுமைக்கு 72 மணி நேரம். வேலையின் இந்தப் பகுதியில் கைக்கு வேலையே இல்லை, காத்திருப்பது மட்டும்தான். அதனால்தான் இதற்குக் கூலி கேட்க ஃபிட்டருக்கே வாய் வருவதில்லை.

இந்த வாதத்துக்கு எதிராக வரும் முதல் கேள்வி நியாயமானது: மலிவுச் சரக்கு வாங்கினால் தொய்யத்தானே செய்யும், ஃபிட்டிங்கை ஏன் குறை சொல்ல வேண்டும்? சரக்கில் குறை இருப்பதை மறுக்க முடியாது. பாலியூரித்தேன் ஸ்கர்ட்டுகள் இடித்தால் உடையாது என்ற நல்ல குணம் உள்ளவை. ஆனால் கனமானவை, வெயிலில் ஏபிஎஸ்ஸைவிடவும் அதிகம் நீளக்கூடியவை, அட்டைப்பெட்டியில் மடங்கி வந்தால் அந்த மடிப்பைப் பிடித்துக்கொள்பவை. உள்ளூரில் வார்க்கும் ஃபைபர் ஸ்கர்ட் நீள்வது குறைவு. ஆனால் சாதாரண பாலியெஸ்டர் ரெசின் 70 டிகிரியை ஒட்டி இளக்கம் காட்டத் தொடங்கும். ஹார்ட்னர் குறைந்தாலோ, அச்சிலிருந்து முன்கூட்டியே எடுத்துவிட்டாலோ அதற்கும் முன்பே முறுக்கிக்கொள்ளும். ஆனாலும் சரக்குக் குறைக்கும் ஃபிட்டிங் குறைக்கும் விளைவு வேறு வேறாகத் தெரியும். சரக்கு மோசமென்றால் ஸ்கர்ட் முழுவதும் ஒரே மாதிரி முறுக்கியிருக்கும், வலமும் இடமும் பொருந்தாது, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே தெரியும். டேப் முனையில் கிழிந்து, ஓட்டை நீண்டு, நடு மட்டும் உறுதியாக இருந்தால் அது பூட்டிய விதத்தின் குறை. விலை உயர்ந்த, வெளிநாட்டிலிருந்து தருவித்த செட்டுகளிலும் இந்த இரண்டாவது அடையாளத்தைத்தான் அதிகம் பார்க்க முடிகிறது. மோசமான சரக்கையும் நகர இடம் விட்டுப் பூட்டினால் ஓரளவு காலம் தள்ளும். நல்ல சரக்கை முனையில் இறுக்கினால் அதே கோடையில் கெட்டுப்போகும்.

கம்பெனி பூட்டி அனுப்பும் ஸ்கர்ட் ஆடாமல் அசையாமல்தானே இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. அது ஆடவில்லை என்பது பார்வைக்கு. உண்மையில் கார் நிறுவனங்கள் ஒரு புள்ளியைத்தான் எல்லாப் பக்கமும் பிடிக்கின்றன. மற்ற கிளிப்புகள் நீள ஓட்டையில் உட்கார்ந்து, மேலும் கீழும் பிடித்து, முன்னும் பின்னும் விட்டுக்கொடுக்கின்றன. போதாததற்கு டால்க் தூள் கலந்து, நீள்வதைக் குறைத்த பாலிப்ரொப்பிலீன் கலவையில் வார்க்கின்றன. ஃபிட்டர் அரத்தால் ராவி உண்டாக்கும் அந்த நீள ஓட்டையைத் தொழிற்சாலை அச்சிலேயே வைத்துவிடுகிறது என்பதுதான் வித்தியாசம். வெளிச்சந்தைச் செட்டில் பெரும்பாலும் ஓட்டையே இருப்பதில்லை. எங்கே போடுவது என்பதை ஃபிட்டரின் தலையில் விட்டுவிடுகிறார்கள்.

காற்றைப் பற்றிய அச்சமும் உண்டு: கிழக்குக் கடற்கரைச் சாலையில் நூறைத் தாண்டினால் காற்று பிய்த்துக்கொண்டு போய்விடாதா, அதற்காகவாவது இறுக்க வேண்டாமா? மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்றின் முழு அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 46 கிலோ. 1.8 மீட்டர் நீளமும் 20 செ.மீ. உயரமும் உள்ள ஸ்கர்ட்டின் மேல் அது அத்தனையும் ஒரே பக்கமாக விழுந்தாலும் 17 கிலோதான். உண்மையில் அந்த அளவு விழாது. புஷ் வைத்த ஐந்து ஸ்க்ரூவும் நெடுக ஒட்டிய டேப்பும் அதைச் சுலபமாகத் தாங்கும். இறுக்கத்தைவிட முக்கியம், முன்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள முதல் விளிம்பில் காற்று நுழைய வாய் இல்லாமல் பொருத்துவது. ரேஸ் வண்டிகளின் வரலாறும் இதையே சொல்கிறது. 1970-இல் ஜிம் ஹால் உருவாக்கிய சபரல் 2ஜே என்ற ரேஸ் கார், வண்டிக்கு அடியில் இருக்கும் காற்றை விசிறியால் உறிஞ்சித் தரையோடு ஒட்டி ஓடியது. அதன் லெக்ஸான் பிளாஸ்டிக் ஸ்கர்ட்டுகள் சஸ்பென்ஷனோடு கம்பியும் கப்பியும் வைத்து இணைக்கப்பட்டு, வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் தானும் ஏறி இறங்கித் தரையோடு ஒரே இடைவெளி காத்தன. 1978-இல் மரியோ ஆண்ட்ரெட்டிக்கு ஃபார்முலா ஒன் பட்டம் வாங்கித் தந்த லோட்டஸ் 79-இன் ஸ்கர்ட்டுகளும் சறுக்கி நகர்பவை. அவை தந்த வேகம் ஆபத்தாகும் அளவுக்குப் போனதால் 1981-இல் நகரும் ஸ்கர்ட்டுகள் தடை செய்யப்பட்டன. ஸ்கர்ட் உண்மையிலேயே வேலை செய்த காலத்தில் அது அசைய விடப்பட்ட உறுப்பாக இருந்தது. அலங்காரமாக மாறிய பிறகுதான் அதை ஆணி அடித்து நிறுத்தத் தோன்றியது.

வேகத்தடையை மட்டும் இந்த வாதத்தால் தாண்ட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் முறையான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் 17 மீட்டர் ஆரமும் கொண்ட மெல்லிய மேடு. அதன் உச்சியில் மஸ்டாங் நின்றால் இரு சக்கரங்களுக்கும் நடுவில் தரை சுமார் 54 மி.மீ. மேலெழுந்து வரும். தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளியில் ஸ்கர்ட் ஏற்கெனவே சில அங்குலங்களைத் தின்றிருக்கும். முறையான மேட்டிலேயே இந்த நிலை என்றால், தெருவாசிகள் கட்டும் குறுகிய, செங்குத்தான மேடுகளில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடி வாங்கிக் கிழிந்த ஸ்கர்ட்டை எந்தப் பூட்டு முறையும் காப்பாற்றாது. ஆனால் அந்தக் காயத்துக்கும் தனி அடையாளம் உண்டு: கீழ் விளிம்பில் தேய்ப்பு இருக்கும், ஸ்க்ரூ கீழ்நோக்கிப் பிடுங்கியிருக்கும். அங்கே ஃபிட்டர் செய்ய வேண்டியது பூட்டுவது அல்ல, ஸ்கர்ட்டின் உயரத்தைக் குறைக்கச் சொல்வது. வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லும் தைரியம் உள்ளவர்களை நான் மதிக்கிறேன். ஒரு விற்பனையை இழந்துதான் அதைச் சொல்ல முடிகிறது.

இனி கூலி. அலங்காரக் கடையில் ஸ்கர்ட்டின் விலைக்குள்ளேயே பூட்டும் வேலையும் அடங்கிவிடுகிறது. பூட்டுபவருக்கு வண்டிக்கு இவ்வளவு என்ற கணக்கு. வண்டி நிற்பது சாலையோரம். மேலே கூரை இல்லை. சொந்தக்காரர் பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டு நிற்கிறார். நண்பகல் வெயிலில் தகடு கொதித்துக்கொண்டிருக்கும்போது ஒட்டுகிறார்கள், அல்லது மழைத் தூறல் நின்ற ஈரத்தில் ஒட்டுகிறார்கள். டேப் பாதிப் பலத்தை எட்டும் முன்பே வண்டி கிளம்பிவிடுகிறது. நீள ஓட்டை போட அரை மணி, சரிபார்க்க அரை மணி என்று ஒருவர் எடுத்துக்கொண்டால், அந்த ஒரு மணிக்கு அவருக்கு ஒரு பைசா கூடாது. இன்னொரு வண்டி போய்விடும். முனையில் நாலு ஸ்க்ரூ அடித்து முடிப்பதுதான் அந்தக் கூலி முறை கேட்டு வாங்கும் வேலை. இதை அறியாமை என்று சொல்வது அநியாயம். அதே மனிதர், நிதானமாகச் செய்யச் சொல்லி நேரம் கொடுத்தால் எப்படிச் செய்கிறார் என்பதை மேலே விவரித்தேன்.

உடம்புக்கும் இதில் விலை உண்டு. உடைந்த ஸ்கர்ட்டை ஃபைபர் மேட் வைத்து ஒட்டும் பட்டறைகளில் ரெசினின் ஸ்டைரீன் வாடை தெருவரை வருகிறது. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-இல் ஸ்டைரீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்ற வகைக்கு உயர்த்தியது. ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். அதையும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடி இழைத் தூள் தோலில் ஏறி இரவெல்லாம் அரிக்கிறது. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொள்வது இந்த ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும், கண்ணாடி வேண்டும், காற்று போகும் இடம் வேண்டும். லட்சக்கணக்கில் விலையுள்ள காருக்கு நடக்கும் வேலையில் இவை ஆடம்பரமாகக் கருதப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடைசி எதிர்ப்பு இதுதான்: வெறும் அலங்காரத்துக்கு, அதுவும் சட்டம் விரும்பாத அலங்காரத்துக்கு, இவ்வளவு அக்கறை எதற்கு? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழி செய்தது. தன் வண்டியில் எது கூடும், எது கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது சொந்தக்காரரின் கடமை. அதை ஃபிட்டர் மேல் ஏற்றக் கூடாது. ஆனால் ஏற்கெனவே பூட்டப்பட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும் ஸ்கர்ட் ஒன்று நெடுஞ்சாலையில் கழன்று விழுந்தால், அது பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரரின் மேல்தான் விழும். அவருக்கு அது அலங்காரம் அல்ல. கழற்றி எறிவதா, சரியாகப் பூட்டுவதா என்று சொந்தக்காரர் முடிவு செய்யட்டும். முனையில் டேப் விட்டதை வயரால் கட்டி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டுவதற்கு மட்டும் இடமில்லை.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. ஸ்கர்ட் விற்கும் கடை, பொருளுக்கும் பூட்டும் வேலைக்கும் தனித்தனியாகப் பில் எழுதலாம். தயாரிப்பாளர்கள் நடுவில் ஒரு வட்ட ஓட்டையும் மற்ற இடங்களில் நீள ஓட்டையும் போட்டே அனுப்பலாம். அது முடியாவிட்டால் எங்கே போட வேண்டும் என்று கோடு கிழித்த ஒரு படத்தையாவது பெட்டிக்குள் வைக்கலாம். வண்டியை மூன்று நாள் நிழலில் விட முடியாதவர், குறைந்தது ஓர் இரவாவது விட்டுப் போகட்டும். மூன்றாம் நாளுக்குப் பிறகு ஒருமுறை கொண்டுவந்து காட்டட்டும். அன்றைக்கு ஃபிட்டர் மண்டியிட்டு, மேல் விளிம்பு நெடுக விரலை ஓட்டி, ஒவ்வொரு வாஷரையும் திருகிப் பார்க்கும் பத்து நிமிடத்துக்கும் சேர்த்தே அந்தப் பில்லில் கூலி எழுதப்பட்டிருக்க வேண்டும்.